வாய்க்காலின் இருகரைகள்

(புதுவையில் நடைபெற்ற தமிழ்த் திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



புதுவைக்கு வருகின்ற வெளியூரார் கடற்கரையைக் காண்கின்றனர். வெண்சுவர் மாளிகைகளைக் காண்கின்றனர். கண்டு வியந்து மீள்கின்றனர். அம்பூர்ச் சாலைக்கும் செஞ்சிச் சாலைக்கும் நடுவே வடக்குத் தெற்காகக் கிடக்கும் பெரிய வாய்க்காலை நின்று நோக்குவார் அரியர். ஆனால், இந்நகரின் வரலாறு முழுவதும் அவ்வாய்க்காலில்தான் கிடக்கின்றது. அதற்குக் கிழக்கே இருந்ததை வெள்ளை நகரம் என்றான் பிரெஞ்சியன். மேற்கே இருந்ததைக் கருப்பு நகரம் என்றான். தமிழன் தன் சொந்த மண்ணில், தன் தோலின் நிறத்தால் பெயரிடப்பெற்ற ஓர் ஊர்ப்பகுதியில் குடியிருந்தான்.

வேறு வேறு இனத்தாரும் நிறத்தாரும் சாதியாரும் சமயத்தாரும் அடுத்தடுத்து வாழ நேர்ந்தால், அவ்வண்மை அவர்தம் உள்ளத்தை விரிக்குமா, சுருக்குமா? பழகப் பழகப் பகை தேயுமா, வளருமா? அவ்வாழ்க்கையமைப்பு அவர்களுடைய அரசியல் எண்ணத்தை எங்ஙனம் உருவாக்குகின்றது? இன்றைய உரைக்குப் பொருள் இதுவே. இவ்வினாவுக்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் தெருக்களே விடை கூறும்.

நீரினும் ஆழமான கோடுகள்

வாய்க்காலைத் தோண்டியவன் வெள்ளையன். அவன் பிரித்தது இரண்டாக. வாய்க்காலுக்கு மேற்கே நாமே பிரித்துக்கொண்டது எத்தனையாக? வெள்ளாளர் தெரு, செட்டித் தெரு, வைசியாள் வீதி என்னும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். இசுலாமியர்க்குத் தெற்கே தனிப்பகுதி, கிறித்தவர்க்குத் தங்கள் பெரிய கோயிலைச் சூழ்ந்து தனிப்பகுதி, மீனவர்க்கு வடக்கே கடலோரக் குப்பங்கள், குயவர்க்குக் குயவர்பாளையம். ஒடுக்கப்பட்ட மக்களோ அகன்ற சாலைகள் வளைத்த நகருக்குப் புறம்பே தள்ளப்பெற்றனர். வெள்ளையன் போட்ட கோடு ஒன்று. நாம் போட்டுக்கொண்ட கோடுகள் பல. வெள்ளையன் போட்ட கோட்டில் நீராவது ஓடியது. நாம் போட்ட கோடுகளில் நீரும் ஓடவில்லை. நீர் ஓடினாலும் அந்நீரை எவர் முகக்கலாம் என்பதற்கு வேறொரு கோடு இருந்தது.

வீடுகளைப் பாருங்கள். கிழக்கே பிரெஞ்சியர் வீடு உயர்ந்த மதில் கொண்டது. தெருவுக்கு அது காட்டுவது சுவர் ஒன்றே. தோட்டமும் முற்றமும் வாழ்வும் மதிலுக்கு உள்ளே. மேற்கே தமிழன் வீடு தெருவை நோக்கித் திறந்தது. தாழ்வாரமும் திண்ணையும் அதன் முகம். வழிப்போக்கன் இளைப்பாறத் திண்ணை. அயலான் வந்து பேசத் திண்ணை. இதனைச் சொல்லி நாம் பெருமைப்படுவதுண்டு, பெருமைக்குரியதுதான். ஆயினும், அத்திண்ணையில் எல்லாரும் அமர்ந்தனரா? தெருவைத் துப்புரவு செய்தவன் அமர்ந்தானா? மதிலாற் பிரித்தவன் வெளிப்படையாகப் பிரித்தான். திண்ணையைத் திறந்து வைத்துக்கொண்டே பிரித்தவர்கள் நாம். உண்மையை உள்ளவாறு ஒப்புக்கொள்ளும் துணிவு தமிழ்த்தொண்டர்க்கு வேண்டும்.

கோயிலுக்குள் ஒரு சுவர்

துய்ப்பிளே ஆளுநராயிருந்த காலம். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பெழுதிய ஆனந்தரங்கர் 1745ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைக் குறித்துள்ளார். இயேசு சபையாரின் சம்பாக் கோயிலுக்குள் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. அதற்கு ஒருபுறம் ஒடுக்கப்பட்ட கிறித்தவர். மறுபுறம் சாதிக் கிறித்தவரும் வெள்ளையரும். ஒடுக்கப்பட்டோர் திரண்டு சென்று, இறைவன் முன்னிலையில் இவ்வேறுபாடு ஏன் என்று முறையிட்டனர். அம்முறையீட்டின் விளைவாகச் சுவர் இடிக்கப்பெற்றது. உடனே சாதிக் கிறித்தவர் கொதித்தெழுந்தனர்.

இங்கே கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. இரு சாராரும் ஒரே மொழி பேசினர். ஒரே சமயத்தை ஏற்றனர். ஒரே கூரையின்கீழ் வணங்கினர். இதனினும் நெருங்கிய அண்மை ஏது? அவ்வளவு அண்மையும் வெறுப்பைக் கரைக்கவில்லை. சுவர் நின்றவரை ஒரு சாரார்க்கு இழிவு. சுவர் வீழ்ந்தவுடன் மறுசாரார்க்குச் சினம். கல்லாற் கட்டிய சுவரைப் பாரையால் இடிக்கலாம். உள்ளத்திற் கட்டிய சுவருக்குப் பாரை ஏது?

அதே சம்பாக் கோயிலுக்கு அடுத்து நின்றது வேதபுரீசுவரர் கோயில். அடுத்தடுத்து நின்ற இரு கோயில்களுக்கும் நெடுங்காலப் பூசல். 1748இல் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்ட வேளையில் துய்ப்பிளேயின் ஆட்சி அச்சிவன் கோயிலை இடித்துத் தள்ளியது. ஆட்சி ஒருபக்கம் சாய்ந்துவிட்டால், அயலிருப்பு நட்புக்கு இடமாவதில்லை. அழிவுக்கு வாய்ப்பாகிவிடுகின்றது என்பதற்கு அது சான்று.

தெருவின் கோடு தேர்தலில் ஏறியது

வாழ்விடத்திற் பிரிந்தவர் வாக்கிடத்திலும் பிரிந்தனர். விடுதலை, நிகர்மை, உடன்பிறப்புணர்வு என்று உலகுக்கு முழங்கியது பிரெஞ்சு நாடு. 1871இலேயே பாரீசு நாடாளுமன்றத்துக்கு இங்கிருந்து ஆள் அனுப்பும் உரிமையையும் அளித்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த தமிழர்க்கு அன்று எட்டாதிருந்த உரிமை அது, மறுப்பதற்கில்லை. ஆனால், உரிமை கொடுத்த கையே பட்டியலையும் பிரித்தது. 1884இல் மூன்று வாக்காளர் பட்டியல்கள் வந்தன: ஐரோப்பியர்க்கு ஒன்று, தம் பழஞ்சட்ட வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற தமிழர்க்கு ஒன்று, ஏனைத் தமிழர்க்கு ஒன்று. 1899இல் மூன்று இரண்டாயிற்று. ஒரு கைப்பிடியளவினரான ஐரோப்பியர்க்குத் தனியிடங்கள் நிலைத்தே இருந்தன. இரண்டாம் உலகப்போர் முடிந்த பின்னரே அப்பிரிவினை ஒழிந்தது.

பழஞ்சட்டம் துறந்தாரின் வரலாறு தனியே எண்ணத்தக்கது. 1873இல் பொன்னுத்தம்பி என்னும் வழக்குரைஞர் வெள்ளையரைப் போலப் புதைமிதியடி அணிந்து முறைமன்றத்துள் நுழைந்தார். தமிழன் அவ்வாறு நுழையலாகாது என்று ஒறுப்புக் கட்டணம் விதிக்கப்பெற்றது. அவர் அடங்கவில்லை. பாரீசு வரை வழக்கைக் கொண்டுசென்று வென்றார். ஒரு காற்செருப்பில் ஓர் இனத்தின் மானம் அடங்கியிருந்தது. 1881 செப்டம்பர் 21ஆம் பக்கல் ஆணையின்படி, விரும்பியோர் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கலாம் என்றானபோது, அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றவரும் அவரே. 'இலா போர்த்து' என்னும் பிரெஞ்சுக் குடிப்பெயரை அவர் பூண்டார். அச்சொல்லுக்கு வாயில் என்று பொருள்.

அவ்வாயிலின் வழியே பெரும்பாலும் சென்றவர் யார்? சாதிக் கொடுமையால் நைந்த ஒடுக்கப்பட்டோரும் கிறித்தவருமே. அதனை எதிர்த்து நின்றவர் சண்முக வேலாயுத முதலியார். சாதியிந்துக்களைத் தம் பின்னே திரட்டிப் பல்லாண்டுகள் புதுவை அரசியலை ஆட்டி வைத்தார். ஒருவன் எத்தெருவிற் பிறந்தான் என்று தெரிந்தால், அவன் எக்கட்சிக்கு வாக்களிப்பான் என்று சொல்லிவிடலாம் என்னும் நிலை அன்று எய்தியது.

தமிழன் தன் பெயரை நீக்கி அயற்பெயர் பூண்டது தமிழ்ப்பற்றாளர் நெஞ்சைச் சுடுகின்ற செய்தி. சுடட்டும்! ஆனால், அவனைப் பழிக்குமுன் ஒரு வினாவுக்கு விடை கூறுவோம். தமிழ்ப்பெயரோடு அவனை நம் தெருவில் நடக்க விட்டோமா? சொந்த வீட்டில் கதவு அடைபட்டவன் அயலான் வீட்டு வாயிலைத் தட்டினான். கதவை அடைத்தவனுக்கு அவனைக் குறைகூற என்ன தகுதி?

ஆலைக்குள் பிறந்த ஒற்றுமை

இனி, இதற்கு மறுதலையான காட்சி ஒன்று. புதுவையின் துணியாலைகளில் பல தெருவினரும் பல சாதியினரும் ஒருங்கே உழைத்தனர். எல்லார்க்கும் ஒரே சங்கொலி, ஒரே குறைகூலி, ஒரே நெடுநேர உழைப்பு. உழைப்பாளர் தலைவர் வ. சுப்பையா முதலியோர் அவர்களை ஒன்றுதிரட்டினர். 1936 சூலை 30ஆம் பக்கல், சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த உழைப்பாளர்மீது பிரெஞ்சுக் காவற்படை சுட்டது. பன்னிருவர் குண்டுக்கு இரையாயினர். அக்குருதி வீண்போகவில்லை. அடுத்த ஆண்டிலேயே, 1937இல், எட்டுமணி நேர வேலை சட்டமாயிற்று.

வெள்ளாளர் தெருவும் குப்பமும் உப்பளமும் நூற்றாண்டுகளாக அருகருகே இருந்தும் தாமாக வாராத ஒற்றுமை, ஆலைக்குள் எவ்வாறு வந்தது? மாளிகையில் வேலை செய்த தமிழ்ப் பணியாளும் நாடோறும் வாய்க்காலைக் கடந்து வெள்ளையனோடு பழகினான். அவன் குழந்தையை வளர்த்தான். அவன் உணவைச் சமைத்தான். அப்பழக்கம் ஏன் நிகர்மையைத் தரவில்லை? விடை எளிது. மாளிகையில் ஒருவன் ஆண்டான், மற்றவன் அடிமை. ஆலையில் இருவரும் ஒருநிலையர். இருவர்க்கும் ஒரே குறிக்கோள். ஒருவன் கைகோக்காவிடின் மற்றவனுக்கும் வாழ்வில்லை.

இவ்வுண்மையை மேலைநாட்டு உளவியலாரும் ஆய்ந்து கூறியுள்ளனர். அமெரிக்க அறிஞர் கார்டன் ஆல்போர்ட்டு 1954இல் முற்சாய்வின் இயல்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வேற்றினத்தார் வெறுமனே அருகில் இருப்பதாற் பகை தீராது. நிகரான நிலை, பொதுவான குறிக்கோள், கூடி உழைத்தல், சட்டமும் தலைவரும் அக்கூட்டுறவுக்குத் துணைநிற்றல் ஆகிய நான்கும் அமைந்தாற்றான் பழக்கம் பகையைத் தீர்க்கும் என்பது அவர் முடிபு. பின்வந்தோர் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, பழக்கம் பொதுவாகப் பகையைக் குறைக்கின்றது என்றும், அந்நான்கும் அமைந்தால் மேலும் குறைக்கின்றது என்றும் 2006இல் காட்டினர். மறுபுறம், இராபர்ட்டு புட்னம் என்பார் அந்நாட்டில் ஏறத்தாழ முப்பதினாயிரவரிடம் திரட்டிய செய்திகளைக் கொண்டு, பல்லினம் கலந்த தெருக்களில் மக்கள் ஒருவரையொருவர் நம்பாது ஆமைபோல் ஒடுங்குகின்றனர் என்று 2007இல் எழுதினார். இரண்டும் முரண்போல் தோன்றும், முரணல்ல. ஒரே தெருவில் இருத்தல் வேறு; ஒருவரோடொருவர் நிகராகப் பழகுதல் வேறு.

நம் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்போம்

இதுகாறும் பிறர் குறை பேசினோம். இனி நம் குறை. 1965இல் தமிழகமெங்கும் இந்தித் திணிப்பை எதிர்த்து இளையோர் பொங்கியெழுந்தனர். தீக்கிரையாகியும் நஞ்சுண்டும் உயிர் கொடுத்து மொழி காத்த அவ்வாண்டு நம் வரலாற்றின் பொன்னாண்டு. அவ்வாண்டு பிப்பிரவரி 11ஆம் பக்கல், புதுவையில் ஒரு கூட்டம் அரவிந்தர் தவமனைக் கட்டடங்களைத் தாக்கியது. கல்லெறியும் தீவைப்பும் நிகழ்ந்தன.

அங்கு வாழ்ந்தவர் யாவர்? பெரும்பாலும் வங்காளியர், குசராத்தியர், ஒரியர். இந்தி அவர்களுக்கும் தாய்மொழியன்று! இந்தித் திணிப்பால் நாளை அவர்தம் தாய்மொழிக்கும் கேடு வரலாம். நமக்குத் தோழராய் நின்றிருக்க வேண்டியவரை நாம் வடவர் என்னும் ஒரே சொல்லுக்குள் அடைத்துப் பகைவராக்கினோம். இது ஏன் நேர்ந்தது? 1926 முதல் அவர்கள் இந்நகரில் நிலைகொண்டிருந்தும், வாய்க்காலுக்குக் கிழக்கே பெரும்பாலும் தனித்தே வாழ்ந்தனர். தமிழ்மக்களுக்கு அவர்களிடம் தெரிந்தவை மதிலும் வெண்ணுடையும் பல வீடுகளின் உடைமையுமே. அவர்கள் தமிழ் கற்றுத் தெருவுக்கு வந்திருக்க வேண்டும். வாராதது அவர் பிழை. கேட்டறியாது கல்லெடுத்தது நம் பிழை. அறியாமை இருபுறமும் இருந்தது. கல்லோ ஒருபுறமிருந்து பறந்தது. இதனை ஒப்புக்கொள்வதால் இந்தியெதிர்ப்பின் பெருமை ஒரு மாற்றுக் குறைந்துவிடாது, கூடும்.

இன்னொன்று. 1954 அக்குதோபர் 18ஆம் பக்கல் கீழூரில் மக்கள் சார்பாளர் 178 பேர் கூடினர், 170 பேர் இந்திய ஒன்றியத்தோடு இணைதற்கு ஒப்பினர், எண்மர் மறுத்தனர். நவம்பர் முதற்பக்கல் பிரெஞ்சியர் ஆட்சி நீங்கியது. பிரான்சைவிட்டுப் பிரிய ஒருப்பட்ட அதே மக்கள், 1979 சனவரியில் புதுவையைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் எண்ணம் தில்லியில் எழுந்தபோது கொதித்தெழுந்து எதிர்த்தனர், உயிர்ப்பலியும் நேர்ந்தது. தமிழர் தமிழரோடு இணைய மறுப்பதா என்று நம்மவர் பலர் நொந்தனர். நோவதற்கு முன் கரணியத்தைக் காண வேண்டாமா? இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகத் தனிச்சட்டம், தனிப்பள்ளி, தனித்தேர்தல், தனிப்பிழைப்பு என்று வாழ்ந்தவர்க்கு, வாழிடமே ஓர் அரசியற் கொள்கையைக் கற்பித்துவிடுகின்றது. மொழியொன்றே போதும் என்று நாம் எண்ணிக்கொண்டோம். இணைந்தால் தம் உரிமை தேயுமோ என்ற அவர்தம் அச்சத்தை நாம் செவிகொடுத்துக் கேட்கவில்லை. கேளாதவன் இணைக்க இயலாது.

ஈழமும் சிங்கப்பூரும்

அண்மை காக்குமா, கொல்லுமா என்பதற்குக் கொடிய சான்று கொழும்பு. அங்கே வெள்ளவத்தை முதலிய பகுதிகளில் தமிழர் சிங்களரோடு கலந்தே வாழ்ந்தனர். 1983 சூலையில் வாக்காளர் பட்டியலைக் கையிற் கொண்டு, தமிழர் வீடுகளை அடையாளங்கண்டு கொளுத்தினர் காடையர். வாக்களிக்கும் உரிமைக்காக எழுதப்பெற்ற பெயரே கொலைக்குறியாயிற்று! அந்நாளிலும் தம் வீட்டுக்குள் தமிழரை ஒளித்துக் காத்த சிங்கள அயலார் இருந்தனர் என்பதை மறைப்பது நன்றிக்கேடு. தனி மாந்தன் காத்தான், அரசு காக்கவில்லை. அயலானின் அன்பு ஒரு குடும்பத்தைக் காக்கும். ஓர் இனத்தைக் காக்கச் சட்டத்தின் நிகர்மையே வேண்டும்.

சிங்கப்பூரில் 1964இல் மலாயரும் சீனரும் மோதிக் குருதி சிந்தினர். அந்நாட்டரசு 1989 முதல் அரசு வீட்டுத் தொகுதி ஒவ்வொன்றிலும் எவ்வினத்தார் எத்துணை விழுக்காடு இருக்கலாம் என்று வரம்பிட்டது. ஒரே இனச் சேரிகள் உருவாகவில்லை. தமிழ் அங்கே ஆட்சிமொழி நான்கனுள் ஒன்று. ஆயின், சிறுபான்மையர் தம் வீட்டை விரும்பியவர்க்கு விற்க இயலாத இடர்ப்பாடும், ஓரிடத்தே செறிந்து அரசியல் வலிமை பெற இயலாத நிலையும் அதன் மறுபக்கம். கலந்து வாழச் செய்வதும் ஓர் அரசியலே, அதற்கும் விலையுண்டு.

செய்யத்தக்கது யாது?

பாவேந்தர் பிறந்த ஊர் இது. 1908 முதல் பத்தாண்டு பாரதியார் வாழ்ந்த ஊரும் இதுவே. அவர் இங்கே, ஒடுக்கப்பட்ட குலத்தவரான கனகலிங்கம் என்னும் இளைஞர்க்குப் பூணூல் அணிவித்தார். அவர் உள்ளத்தின் தூய்மை போற்றத்தக்கது. ஆயினும் தனித்தமிழ் நெறி கூறுவது வேறு: ஒருவனுக்கு நூலை அணிவித்து ஒப்பாக்குவதினும், அனைவர்க்கும் நூலை நீக்கி ஒப்பாக்குவதே முறை.

இன்று கிழக்குப் பகுதியில் பிரெஞ்சு ஆளுநர் இல்லை. ஆனால், 'வெள்ளை நகரம்' என்னும் பெயர் ஆங்கிலத்தில் விடுதி விளம்பரந்தோறும் ஒளிர்கின்றது. அடிமைப்பெயர் விலைப்பெயராகிவிட்டது. அங்கே தமிழ்ப் பெயர்ப்பலகை தேடிக் காண வேண்டியதாயிருக்கின்றது. நகரின் புறத்தேயோ வடபுலத்துக் கூலியுழைப்பாளர் தகரக் கொட்டகைகளில் நெருங்கி வாழ்கின்றனர். நம்முட் சிலர் அவர்களைக் கண்டு சினக்கின்றனர். மண்ணின் மக்களுக்கு வேலையும் ஆட்சியும் மொழியுரிமையும் முதலில் வேண்டும் என்பதில் தளர்ச்சி கூடாது. அது தில்லியோடும் முதலாளியோடும் தொடுக்க வேண்டிய வழக்கு. கல் சுமக்கும் ஏழையோடு தொடுப்பதன்று. ஆதிக்கத்தை எதிர்ப்பது இனமானம். ஏழையை வெறுப்பது இனமானமாகாது. அவன் பிள்ளைக்கு ஓர் எழுத்தேனும் தமிழ் கற்பிப்போம். தமிழ் தெரிந்த அயலான் தமிழுக்கு அரண். தமிழறியாது ஒதுங்கி நிற்பவன் நாளை பிறர் கைக்கருவி.

தமிழ் மன்றங்கள் ஒவ்வொரு தெருவிலும் தோன்றட்டும். அம்மன்றத்தில் வெள்ளாளர் தெருவினரும் உப்பளத்தாரும் குப்பத்தாரும் இசுலாமியரும் கிறித்தவரும் ஒரே பாயில் அமரட்டும். தலைமை முறைவைத்து மாறட்டும். சாதிப்பெயர் தாங்கிய தெருக்களுக்குத் தமிழ்ச் சான்றோர் பெயரிட ஊராட்சியை வற்புறுத்துவோம். பெயர் மாறினாற் போதாது, அத்தெருவில் வாடகைக்கு வீடு கேட்டு வருபவனிடம் சாதி கேட்கும் வழக்கமும் மாற வேண்டும். அதனை மாற்றச் சட்டம் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. இக்கூட்டத்தில் வீடுடையோர் பலர் இருக்கின்றீர்கள். நாளைக் காலையில் உங்கள் திண்ணைக்கு ஒருவன் வாடகை வீடு கேட்டு வருவான். அவனிடம் நீங்கள் கேட்கவிருக்கும் முதல் வினா எது?

வாய்க்காலைப் பிரெஞ்சியன் விட்டுச்சென்றான். அதனைத் தூர்ப்பதும் பேணுவதும் நம் கையில் இருக்கின்றன.

வாழ்க தமிழ்! வெல்க தமிழினம்!